ஒரு கேமுக்கு எத்தனை வருடம்?

நிஷிகசாய், டோக்கியோ
டிசம்பர் 2025

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். குளிர் ஏறிக்கொண்டே போகிறது. சின்னவளுக்குப் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது, அந்த உற்சாகத்தில் இருக்கிறாள்.

நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். பொங்கலுக்கு வரும்போது உன் பையனுக்கு நிண்டெண்டோவின் புதிய கேம் பெட்டியான ஸ்விட்ச் 2 வாங்கி வர முடியுமா என்பது ஒன்று. "கேம் தொழிலில் இறங்கினால் சோறு கிடைக்குமா சார்" என்று உன் மாணவர்கள் கேட்கிறார்களே, அவர்களுக்கு என்ன சொல்வது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் எழுதப் போனால் இரண்டாவதற்குள் தானாகவே போய்விடுவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இங்கே எல்லாக் கடைகளிலும் இருக்கும் ஸ்விட்ச் 2-இன் விலை 49,980 யென். நம் பணத்தில் ஏறக்குறைய 29 ஆயிரம் ரூபாய். ஆனால் அது ஜப்பானிய மொழிக்கு மட்டுமான பெட்டி. ஜப்பானில் பதிவு செய்த கணக்கைத்தான் ஏற்கும். உன் பையனுக்கு அது பயன்படாது. எல்லா மொழிகளுக்குமான பெட்டி 69,980 யென். அதை நிண்டெண்டோவின் சொந்த இணையக் கடையில் மட்டும் விற்கிறார்கள். அதற்கு 40 ஆயிரம் ரூபாய் ஆகிவிடும், அமெரிக்க விலையும் அதே அளவுதான். எனவே இங்கிருந்து தூக்கி வருவதில் லாபம் ஒன்றும் இல்லை. ஏதாவது பழுது என்றாலும் நீ அலைய வேண்டியிருக்கும்.

ஒரே பெட்டிக்கு 20 ஆயிரம் யென் வித்தியாசம் வரக் காரணம் யென்னின் சரிவுதான். 2011 இறுதியில் ஒரு டாலருக்கு 80 யென்கூடக் கிடைக்காது. 2024 கோடையில் 160 யென் கிடைத்தது. டாலர் விலையை அப்படியே யென்னாக மாற்றினால் இங்குள்ள நடுத்தரக் குடும்பம் வாங்காது. உள்ளூருக்காக விலையைக் குறைத்தால் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். அதற்காகத்தான் மொழிப் பூட்டு. சோனி இதைத் தாமதமாகத்தான் செய்தது. 2020-இல் வரியோடு 54,978 யென்னுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2024-இல் 79,980 யென் ஆகிவிட்டது. போன மாதம்தான் ஜப்பானிய மொழிக்கு மட்டுமான, வட்டு போட இடமில்லாத ஒரு பெட்டியை 55,000 யென்னுக்கு இறக்கியிருக்கிறார்கள்.

அதற்குள் வீடுகள் நிண்டெண்டோ பக்கம் போய்விட்டன. இந்த நாட்டின் மக்கள்தொகை 12 கோடி சொச்சம். அதில் நிண்டெண்டோவின் பழைய கைக்கருவியான டிஎஸ் மூன்று கோடிக்கு மேல் விற்றது, முதல் ஸ்விட்ச்சும் மூன்று கோடிக்கு மேல் விற்றது. பிளேஸ்டேஷன் 5 அதில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. ஸ்விட்ச் 2 வாங்க நிண்டெண்டோ இணையக் கடையில் குலுக்கல் வைத்தபோது ஜப்பானில் மட்டும் 22 லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். அதுவும் பழைய ஸ்விட்ச்சில் 50 மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்க வேண்டும், ஒரு வருடமாவது இணையச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைத் தாண்டி வந்தவர்கள். ஜூன் 5-ஆம் தேதி விற்பனை தொடங்கியது. முதல் நாலு நாளில் 9 லட்சத்து 47 ஆயிரம் பெட்டிகள் போயின என்று ஃபாமிட்ஸு என்ற கேம் பத்திரிகை கணக்குக் கொடுத்தது.

கேம் விற்பனையிலும் இதே கதைதான். 2022-இல் நிண்டெண்டோவின் ஸ்பிளட்டூன் 3 ஜப்பானில் மட்டும் மூன்று நாளில் 34 லட்சத்து 50 ஆயிரம் விற்றது. அடுத்த வருடம் ஜூனில், ஃபைனல் ஃபேண்டஸி வரிசையின் 16-ஆவது கேம் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்தது. முதல் வாரம் கடைகளில் சுமார் 3 லட்சத்து 36 ஆயிரம். ஃபாமிட்ஸு பெரும்பாலும் பெட்டியில் வரும் பிரதிகளைத்தான் எண்ணும், தரவிறக்கம் தனி. அதைச் சேர்த்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிது. 1997-இல் இதே வரிசையின் ஏழாவது கேம் ஜப்பானில் மூன்றே நாளில் 20 லட்சத்தைத் தாண்டியது. இந்த வரிசையைச் செய்யும் ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனி இன்று உள்ளூரை மட்டும் நம்பி அந்த அளவுக் கேமைச் செய்ய முடியாது.

செலவு என்று எடுத்தால், நீ நினைப்பது போலக் கம்ப்யூட்டருக்கோ மென்பொருளுக்கோ போவது சிறு பகுதிதான். கிட்டத்தட்ட எல்லாம் சம்பளம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கணக்குப் போடும்போது வாடகை, மின்சாரம் எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு ஒரு மாதம் பத்து லட்சம் யென் என்று வைத்துக்கொள்வார்கள். 200 பேர் நாலு வருடம் உட்கார்ந்தால் 960 கோடி யென் ஆகிறது. இதில் விளம்பரம் வராது. அமெரிக்காவில் இதைவிடக் கொடுமை. சோனியின் ஒரு பெரிய கேமுக்கு சுமார் 200 பேர் வேலை பார்த்து 22 கோடி டாலர் செலவானது என்று 2023-இல் அங்கே ஒரு வழக்கில் தாக்கலான ஆவணம் சொன்னது. அதோடு ஒப்பிட்டால் ஜப்பான் செலவு சிக்கனம்தான்.

ஒரு பழைய விஷயமும் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். கேம் விலை இப்போதுதான் ஏறுகிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். மரியோ கார்ட் வேர்ல்ட் கேமின் கடைப் பிரதி 9,980 யென் என்றதும் இங்கேயும் பலர் திகைத்தார்கள். ஆனால் 1994-இல் நிண்டெண்டோவின் அன்றைய பெட்டியான சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்த ஃபைனல் ஃபேண்டஸி 6-இன் விலை 11,400 யென்! அன்றைக்குப் பெரும் பணத்தை விழுங்கியது கேசட்டுக்குள் இருந்த சிப். கேம் பெரிதானால் சிப் பெரிதாகும், விலை ஏறும். கம்பெனிகள் நிண்டெண்டோவிடம் முன்பணம் கட்டி, இத்தனை ஆயிரம் கேசட் என்று மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். குறைவாகச் சொன்னால் கடையில் சரக்கு தீர்ந்துபோகும், அதிகமாகச் சொன்னால் கிடங்கில் தேங்கும். சோனி குறுந்தட்டோடு வந்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்தது. தட்டு அச்சடிக்க மலிவு, தீர்ந்தால் சில நாளில் மறுபடி அடிக்கலாம். ஏழாவது கேம் மூன்று தட்டுகளில் 6,800 யென்னுக்கு வந்தது. சிப்பில் மிச்சமான பணம் ஆட்களுக்குப் போனது. பெரிய படைகளைத் திரட்டிக் கேம் செய்யும் வழக்கம் அங்கேதான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

2023 டோக்கியோ கேம் ஷோவின்போது கேப்காம் என்ற கேம் கம்பெனியின் தலைவர் சுஜிமோட்டோ ஹாருஹிரோ வெளிப்படையாகவே சொன்னார்: கேம் விலை மிகவும் குறைவு, எண்பதுகளின் ஃபாமிகாம் காலத்தைவிடச் செய்யும் செலவு சுமார் நூறு மடங்கு ஆகிவிட்டது, விலை அப்படி ஏறவில்லை என்று. பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அவர் சொன்னதில் நியாயம் தெரிந்தது. 2022-இல் கேப்காம் ஊழியர்களுக்குச் சராசரியாக 30 சதவீதம் சம்பளம் உயர்த்தியது. அடுத்த வருடம் நிண்டெண்டோ 10 சதவீதம் உயர்த்தியது. அந்தப் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கேப்காமுக்கு அது வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2010-இல் அவர்களுடைய மான்ஸ்டர் ஹன்டர் வரிசையின் ஒரு கேம் கைக்கருவியில் வந்தபோது, ஜப்பானிய இளைஞர்கள் கூட்டமாக உட்கார்ந்து ஆடிய ஆட்டம் அது, 40 லட்சத்துக்கு மேல் உள்ளூரிலேயே விற்றது. 2018-இல் அதையே உலகம் முழுவதற்குமாக மாற்றிச் செய்தார்கள், இரண்டு கோடியைத் தாண்டியது. ஏழு வருடம் கழித்தும் தள்ளுபடி விலையில் அதை விற்றுக்கொண்டே இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. 2024 வசந்தத்தில் ஸ்கொயர் எனிக்ஸ், பாதியில் கைவிட்ட கேம்களுக்காக 2,210 கோடி யென்னை நஷ்டமாக எழுதியது. இந்தச் செய்தி என்னை ரொம்ப நாள் உறுத்தியது. பணத்துக்காக இல்லை. அந்த வேலைகளில் உட்கார்ந்திருந்தவர்களின் வருடங்களை நினைத்துத்தான்.

முரளி, இதுதான் நான் உன் மாணவர்களுக்குச் சொல்ல விரும்பும் விஷயம். முதல் ஃபைனல் ஃபேண்டஸி 1987 டிசம்பரில் வந்தது. ஆறாவது 1994 ஏப்ரலில். ஆறே கால் வருடத்தில் ஆறு கேம். 15-ஆவது 2016 நவம்பரில் வந்தது, 16-ஆவது 2023 ஜூனில். ஆறரை வருடத்துக்கு மேல், ஒரே ஒரு கேம். அன்று இருபத்தைந்து வயதில் சேர்ந்த ஒருவர் முப்பது வயதுக்குள் நாலைந்து கேமைத் தொடங்கி, முடித்து, கடையில் வைத்து, வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். இன்று சேர்கிறவர் முப்பது வயதில் முதல் கேமின் நடுவில் இருப்பார், அதிலும் ஒரு கோட்டைச் சுவரின் கற்களை மட்டும் வரைந்துகொண்டு. யென் கணக்கைவிட இந்தக் கணக்குதான் எனக்குப் பயத்தைத் தருகிறது. முடித்துப் பழகாதவர் எப்படித் தேறுவார்?

நல்லவேளையாக இங்கே வேறு வழியும் திறந்திருக்கிறது. சகுனா என்று ஒரு கேம், 2020 நவம்பரில் வந்தது. ஏடெல்வைஸ் என்ற சின்னக் குழு, முக்கியமாக இரண்டே பேர், ஐந்து வருடம் உழைத்தார்கள். ஆட்டத்தின் மையமே நெல் சாகுபடி. நாற்று நட வேண்டும், தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும், எரு கலக்க வேண்டும், அறுத்துக் காயவைத்துக் குத்த வேண்டும். உங்கள் வீட்டு வயலில் சித்தப்பா செய்ததெல்லாம் அதில் இருக்கிறது! ஆடியவர்கள் விளைச்சல் கூட வேண்டும் என்று ஜப்பான் விவசாய அமைச்சகத்தின் பக்கங்களைப் புரட்டினார்கள். பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. அப்புறம் ஹச்சிபான் தெகுச்சி, எட்டாம் எண் வாசல் என்று வைத்துக்கொள். சுரங்க ரயில் நிலையத்தின் நடைபாதை ஒன்றில் நடந்துகொண்டே மாறியிருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். 2023-இல் தனி ஒருவர் செய்து 470 யென்னுக்கு விற்றார். அதுவும் பத்து லட்சத்தைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் பெரிய அளவில் பால்வேர்ல்ட் என்ற கேம். அதைச் செய்த டோக்கியோ கம்பெனியின் தலைவர், செலவு 100 கோடி யென் அளவில் இருக்கும் என்று எழுதினார். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் மட்டும் ஒரு மாதத்தில் ஒன்றரைக் கோடி பிரதிகள். பிறகு காப்புரிமை விஷயத்தில் நிண்டெண்டோ வழக்குப் போட்டிருக்கிறது, அது தனிக் கதை.

இவை எல்லோருக்கும் வாய்க்காது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடு. வெளிவந்து யாரும் கவனிக்காமல் போகும் சின்னக் கேம்கள்தான் அதிகம். ஆனால் இரண்டு பேர் ஆறு மாதம் செய்த கேம் விற்காவிட்டால் ஆறு மாதம் போகும். அடுத்ததைச் செய்யத் தெம்பு இருக்கும், கற்றுக்கொண்டதும் கையில் இருக்கும்.

சோறு கிடைக்குமா என்றால், முதல் நாளிலிருந்தே கேமை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு சம்பளம் இருக்கட்டும். கூடவே இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, ஒரு செமஸ்டருக்குள் முடிகிற அளவில் ஒன்றைச் செய்யட்டும். ஒரே ஓர் அறை, ஒரே ஒரு விதி போதும். திறந்த உலகம், நூறு ஆயுதம் என்று யாராவது திட்டம் கொண்டு வந்தால் நீயே பாதியை வெட்டிவிடு. முடித்து ஸ்டீமிலோ போனிலோ ஏற்றி, முன்பின் தெரியாத ஒருவரை ஆட வைக்க வேண்டும். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று இங்கே கேம் கம்பெனியில் இருக்கும் என் நண்பர்களும் சொல்கிறார்கள்.

பொங்கல் முடிந்ததும் திருச்சியில் நாலு நாள் இருப்பேன். உங்கள் துறைத் தலைவரிடம் கேட்டு ஒரு மதிய நேரம் வாங்கி வை. பிள்ளைகள் இதுவரை செய்ததை, அரைகுறையாக இருந்தாலும் சரி, லேப்டாப்பில் போட்டுக் கொண்டு வரட்டும். உட்கார்ந்து ஆடிப் பார்த்துப் பேசலாம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சேகர்