மேலே வந்துவிடாதா?

அன்புள்ள மகளுக்கு,

"காற்றில் கலக்காமலிருக்க எங்கள் தளத்தில் பூமிக்குள் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு திரும்ப மேலே வந்துவிடாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள், நான் என்னம்மா சொல்வது?" என்றாய். போனில் பாதிதான் சொன்னேன். பாறைத் துண்டுகளை அளப்பதிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவள் நான். இதை எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

கேட்பவர்கள் மனதில் ஒரு குகை இருக்கிறது. அதில் வாயு நிரம்பி நிற்பதாகவும், விரிசல் விட்டால் புஸ்ஸென்று கிளம்பிவிடும் என்றும் நினைக்கிறார்கள். கீழே குகை எதுவும் இல்லை என்று முதலில் சொல்லிவிடு. மணற்பாறையில் மணிகளுக்கு நடுவே உள்ள நுண்துளைகள்தான் மொத்த இடமும். நல்ல பாறையில் அது கன அளவில் 20, 25 சதவீதம் இருக்கும். அதிலும் ஏற்கெனவே உப்புநீர் குடியிருக்கிறது.

துளை இருந்தால் மட்டும் போதாது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழியும் வேண்டும். 1856-இல் பிரான்சின் திஜோன் நகரக் குடிநீருக்காக பொறியாளர் ஆன்றி டார்சி மணல் நிரப்பிய குழாயில் நீர் விட்டு, அது எவ்வளவு எளிதாகக் கடந்துபோகிறது என்று அளந்தார். அந்த ஊடுருவுதிறனைத்தான் இன்றும் அவர் பெயரிலேயே அளக்கிறோம். களிப்பாறையிலும் துளைகள் ஏராளம். ஆனால் அதன் ஊடுருவுதிறன் நல்ல மணற்பாறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் போகலாம்.

சரி, டார்சி பார்த்தது தண்ணீரை மட்டும். உன் விஷயத்தில் உப்புநீர், கார்பன் டை ஆக்சைடு என்று இரண்டு, ஒன்றோடொன்று எளிதில் கலக்காதவை. அவை சந்திக்கும் இடத்தில் பரப்பு இழுவிசை வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீர் பாறையை நனைத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தள்ளிவிட்டுத் துளையின் கழுத்துக்குள் வாயு நுழைய அழுத்தம் வேண்டும். கழுத்து பத்து மடங்கு குறுகினால் பத்து மடங்கு அழுத்தம். மணற்பாறைக்கு மேலே மூடிபோல் கிடக்கும் களிப்பாறை, அதாவது மூடுபாறை, வாயுவைத் தடுப்பது இதனால்தான். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. வாயு நீரைவிட லேசானது. கீழே சேரும் வாயுவின் உயரம் கூடக்கூட, அதை மேலே தள்ளும் மிதப்பு அழுத்தமும் கூடும். எல்லை தாண்டினால் உள்ளே நுழைந்துவிடும். இதை மறைக்காதே.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். வாயு நகர்ந்து போன வழியில் நீர் திரும்பி வருகிறது. நேராக வராது, மணிகளின் ஓரத்தில் படலமாக ஊர்ந்து, கழுத்துகளில் தடித்து, வாயுவின் இழையை அங்கேயே அறுத்துவிடும். துண்டான குமிழி துளைக்குள் தனியே மாட்டிக்கொள்ளும். துணியை எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் ஈரம் மிஞ்சுகிறதே, அப்படி. எண்ணெய்க்காரர்களுக்கு இதுதான் தலைவலி. உலக அளவில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான் மேலே வருகிறது. மீதி தங்கிப்போக இதுவும் ஒரு முக்கியக் காரணம். அவர்கள் சபிக்கும் அதே குணம் உனக்கு வரம். இப்படி மாட்டிய குமிழிக்கு மூடுபாறைகூடத் தேவையில்லை.

அப்புறம் கரைதல். கார்பன் டை ஆக்சைடு கரைந்த உப்புநீர் சற்றே கனம் கூடிக் கீழே இறங்கும். ஐஸ்லாந்தின் எரிமலைப் பாறையில் செலுத்தியதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டே ஆண்டுக்குள் கனிமமாகிவிட்டது. ஆனால் மணற்பாறையில் அந்த வேகத்தை எதிர்பார்க்காதே, யாருக்கும் வாக்கும் கொடுக்காதே.

உதாரணம் கேட்டால் நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலைச் சொல். 1996 முதல் வடகடலுக்கு அடியில் உள்ள மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். நடுவிலுள்ள மெல்லிய களிப்பாறை அடுக்குகளின் கீழே அது பரவித் தங்குவது நில அதிர்வுப் படங்களில் தெரிந்தது.

உண்மையில் எனக்குப் பாறையைவிட நாம் போட்ட ஓட்டைகள் மேல்தான் சந்தேகம். எண்ணெய்க்கோ எரிவாயுவுக்கோ தோண்டி, சரியாகச் சிமென்ட் அடைக்காமல் விட்ட பழைய கிணறு ஒன்று இருந்தால், மூடுபாறை எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. உங்கள் தளத்தில் பழைய கிணறுகளின் பட்டியலை முதல் வாரமே கேட்டு வாங்கு. மூடுபாறையின் நுழைவழுத்தத்தை யார் அளந்தார்கள், எத்தனை மாதிரிகளில் என்றும் கேள். விவரம் கிடைத்ததும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா