பியூரெட்டைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்: சுங்கை சிப்புட் பிரத்தியேக வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதலாண்டை முடித்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) வேதியியல் எடுக்கும் தோட்டத்துப் பிள்ளைகளும் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகளும் மாலையானால் உங்களிடம்தான் வருகிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் வகுப்பில் செய்முறைக்கும் இடம் கொடுங்கள்.

மோல் (பொருளின் அளவைச் சொல்லும் வேதியியல் அலகு) கணக்கில் நம் பிள்ளைகள் சோடை போவதில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த கணக்குதான் முதலாண்டு முழுக்க எனக்குத் துணை நின்றது. தடுமாறுவது கைதான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு பியூரெட்டை, அதாவது கரைசலைத் துளித்துளியாக விடும் அளவுக்குழாயை, சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கும்போது ஒருவர் குழாயைத் திறப்பார், ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தே தேறியவர்கள் பல்கலைக்கழகத்தில் தனியாக மேசை முன் நிற்க வேண்டியிருக்கிறது.

எல்லாம் சின்ன விஷயங்கள்தான். டைட்ரேஷனை, அதாவது ஒரு கரைசலை இன்னொன்றில் துளித்துளியாக விட்டு நிறம் மாறும் அளவைக் காணும் சோதனையை, எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட்டில் எந்தக் கரைசலை ஊற்றப் போகிறோமோ அதனாலேயே அதை அலச வேண்டும். கீழே வைக்கும் கூம்புக் குடுவையை அப்படி அலசக்கூடாது, காய்ச்சி வடித்த நீர் போதும். கரைசல் ஒட்டியிருந்தால் உள்ளே இருக்கும் மோல் கூடிவிடும். புனலை எடுத்த பிறகுதான் தொடக்க அளவைப் படிக்க வேண்டும், இல்லையென்றால் அதில் தொங்கும் துளி நடுவில் விழுந்து அளவைக் கெடுக்கும். வளைந்து நிற்கும் நீர்மட்டத்தின் அடிப்பகுதியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். பிப்பெட் (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்) நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளக்கூடாது. அது தங்கும் என்று கணக்கிட்டுத்தான் 25 மில்லிலிட்டர் கோட்டைப் போட்டிருக்கிறார்கள். சரி, இவையெல்லாம் படித்தால் தெரிந்துவிடும். ஆனால் திரும்பத் திரும்பச் செய்யும் டைட்ரேஷன் அளவுகள் 0.10 மில்லிலிட்டருக்குள் ஒத்துவர வேண்டும், ஒரு துளியே ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். அந்த ஒரு துளியில் குழாயை நிறுத்துவது விரலுக்குப் பழக வேண்டும். மனப்பாடத்தில் வராது.

அளந்து கை பழக ஆய்வுக்கூடமே வேண்டாம், தண்ணீர் போதும். ஒரு பிப்பெட், அதை இழுக்க ரப்பர் பல்பு, நகை நிறுக்கிற மாதிரி 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு, ஒரு கோப்பை. நம் ஊர் வெப்பத்தில், 28 டிகிரி வாக்கில், 25 மில்லிலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 24.9 கிராம் இருக்கும். பிள்ளை திரும்பத் திரும்ப அளந்து ஊற்றி நிறுக்கட்டும். எண்கள் நெருங்கி வர வர, கை தேறுவதை அவனே கண்ணால் பார்ப்பான்.

அப்புறம் நிறமாற்றம். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் தண்ணீர் சிவக்கிறதே, அதுவே நல்ல டைட்ரேஷன். சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளியவிட்டு, மேலே இருப்பதை மட்டும் அளந்து எடுத்து, துளி மஞ்சள் சேர்த்து, நன்றாக நீர்த்த வினிகரைப் பியூரெட்டிலிருந்து விட்டால் சிவப்பு போய் மஞ்சள் திரும்பும். சுண்ணாம்பு கண்ணுக்கு ஆகாது. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கடுமையான ஆசிட், சோடியம் ஹைட்ராக்சைடு வேலைகளைப் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கே விட்டுவிடலாம்.

பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். பின்னாளில் தோட்டங்களில் பார்மிக் ஆசிட் ஊற்றிப் பாலை உறையவைத்தார்கள், மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலில் விட்டு அதிலுள்ள ரப்பர் சத்தை மதிப்பிட்டார்கள். பால் கொண்டுவந்தவர்கள் நம் பாட்டிமார். கருவியைப் படித்தவர் வேறொருவர். பிள்ளைகள் கருவியைத் தாங்களே படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு கருவிக்கு இருவருக்கு மேல் வேண்டாம். படிவம் 4இலேயே தொடங்கினால், அடுத்த ஆண்டு தாள் 3 செய்முறைத் தேர்வுக்குப் போகும்போது கை நடுங்காது. விடுமுறை முடியும்வரை நானும் வந்து கூட நிற்கிறேன். அறிவியல் படிக்கும் மற்றவர்களும் ஊரில் இருக்கிறார்கள். நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி