வாய்க்காலின் தரையை விட்டுவிடுங்கள்: பாசனப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறியாளர் அவர்களுக்கும், அவருக்கு மேலும் கீழும் இந்தக் கோப்பில் கையெழுத்திட்ட அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் கிளை வாய்க்காலில் சென்ற கோடையில் நீங்கள் போட்ட கான்கிரீட் தளத்தின் நீளம், கனம், செலவு, ஒப்பந்தம் எடுத்தவர் யார் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அந்தக் கதைக்குள் போகவில்லை. பாலத்துக்குக் கீழ்ப்புறம் மிச்சமிருக்கும் பகுதியிலும் இந்தக் கோடையில் தளம் போடுவதற்காக உங்கள் ஆட்கள் அளந்து, சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்காகத்தான் இந்த மடல். கரை சரிகிற இடத்தில் சுவர் கட்டுங்கள், மதகுக்குப் புதுப் பலகை போடுங்கள். யாரும் குறுக்கே நிற்கப்போவதில்லை. வாய்க்காலின் தரையை மட்டும் மண்ணாகவே விட்டுவிடுங்கள்.

வழக்கம்போல ஜனவரி 28-ஆம் தேதி மேட்டூர் அணையை அடைத்தார்கள். மாசி பாதியில் எங்கள் பக்கம் தண்ணீர் வற்றியது. தளம் போட்ட பகுதிக்கு இது முதல் கோடை. முன்பெல்லாம் தண்ணீர் நின்றாலும் வாய்க்கால் செத்துப்போகாது. வளைவுகளிலும் மதகடியிலும் மடு கிடக்கும். மடு வற்றினால் சேறு, சேறு காய்ந்தாலும் அதனடியில் ஈரம் என்று ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும்வரை தாக்குப்பிடிக்கும். விராலும் குரவையும் அந்தச் சேற்றுக்குள் கிடக்கும். நத்தை வாயை மூடிக்கொண்டு புதைந்துகிடக்கும். ஆமையும் அப்படித்தான், மண்ணைப் பறித்து உள்ளே இறங்கிக் கோடையைக் கழித்துவிடும்.

இந்த ஆண்டு அவை இறங்குவதற்கு மண் இல்லை. மேலே ஏறலாம் என்றால் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் செங்குத்தான சுவர். ஆமைகள் அந்தச் சுவரை ஒட்டியே நடந்தன. மதகு வரை போவதும், அங்கிருந்து திரும்பி பாலம் வரை வருவதுமாக நாள் முழுவதும் நடந்தன. பின்னங்காலைத் தோல் மடலால் மூடிக்கொள்ளுமே, அந்த வகை ஆமை. முன்னங்காலில் மூன்று நகங்கள் இருக்கும். நான் கையில் எடுத்துப் பார்த்த ஒன்றுக்கு அந்த மூன்றும் தேய்ந்து, விரல் நுனியில் இரத்தம் கட்டியிருந்தது. மதகின் மூலையில் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை கான்கிரீட்டில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள் இருக்கின்றன. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். உங்கள் கான்கிரீட் உறுதியானது, கீறல் அழியவில்லை. உச்சி வெயிலில் அந்தத் தளத்தில் வெறுங்காலோடு நிற்க மனிதனாலேயே முடியாது. காக்கைகள் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தன. மாடு மேய்க்கும் பையன்கள் கயிறு கட்டி இறங்கி, உயிரோடிருந்தவற்றை உரச்சாக்கில் அள்ளிக் கோயில் குளத்தில் விட்டார்கள்.

இதைச் சொல்ல உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, ‘ஆமைக்கெல்லாம் எஸ்டிமேட்டில் இடமில்லை’ என்று பதில் வந்தது. சொன்னவர் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இதே ஆமைக்கு, மிக அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையிலேயே இடமிருக்கிறது. பசிக்காக ஒருவன் ஒன்றைப் பிடித்துக் குழம்பு வைத்தால் அவனுக்குச் சிறை. கூட்டமாக வெந்து சாகும்படி ஒரு வாய்க்காலைக் கட்டினால் அதற்குப் பணி நிறைவுச் சான்றிதழ்.

தளம் போட்டால் தண்ணீர் மண்ணுக்குள் கசிந்து வீணாகாமல் கடைமடை வரை போய்ச் சேரும் என்பது உங்கள் வாதம். ஐயா, நானே கடைமடைக்காரன். தலைமடையில் நாற்றுப் பறித்து நட்டு முடித்த பிறகும் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் நாங்கள். ஆனால் வீண் என்று நீங்கள் கணக்கெழுதும் அந்தக் கசிவுதான் எங்கள் அடிபம்புக்கும் கிணற்றுக்கும் வருகிறது. ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே குறுவைக்கு நாற்றங்கால் விடுகிறவன் பம்புசெட்டை நம்பித்தான் விடுகிறான். கடலோரத்தில் நிலத்தடியில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. அதை எதிர்த்து நிற்பதற்கு மேலிருந்து இறங்கும் நல்ல தண்ணீரைவிட்டால் வேறு எதுவும் எங்களிடம் இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராமல் போவதற்குத் தரை மண்ணாக இருப்பதுதான் காரணமா, உடைந்த ஷட்டரும் தூர் வாராத வடிகாலும் ஆகாயத்தாமரையும் காரணமில்லையா? இதற்கு விவசாயிகள் கூட்டத்தில் ஒருமுறையாவது பதில் சொல்லியிருக்கலாம்.

கரிகாலன் காலத்தில் ஆற்று மணல்மேல் கல்லைப் போட்டு அணை கட்டினார்கள். நல்லவேளை, ஆற்றுக்கே தளம் போட்டுவிடலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2022-இல் வடுவூர் ஏரி, உதயமார்த்தாண்டபுரம் ஆகிய இரண்டு பறவைகள் சரணாலயங்களும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சந்தோஷம்தான். பலகை வைத்தாயிற்று, படமும் எடுத்தாயிற்று. அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை குஞ்சுக்கு இரை தேடிச் சரணாலயத்தின் வேலிக்குள்ளேயேவா சுற்றும்? வயலிலும் வாய்க்காலிலும்தானே அதற்குச் சாப்பாடு? நத்தை புதைய இடமில்லாத வாய்க்காலைக் கட்டிவிட்டு நாரைக்குச் சரணாலயம் நடத்துவது, பந்திக்கு அழைத்து வெறும் இலையைப் போடுவதுபோல இருக்கிறது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். எண்ணெய், எரிவாயு எடுக்கப் புதிதாக யாரும் வரக்கூடாது என்றார்கள். நாங்களும் பட்டாசு வெடித்தோம். வெளியிலிருந்து வருகிறவனைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. வளர்ச்சி என்ற பெயரில் நாமே செய்துகொள்வதைத் தடுக்க எதுவும் இல்லை. கொள்ளிடத்து மணல் போன கதையைத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. கஜா புயல் 2018-இல் சாய்த்தது போக மிஞ்சி நின்ற மரங்களைச் ‘சாலை அகலப்படுத்துதல்’ என்று இயந்திரம் வைத்துச் சாய்த்த கதையையும் இங்கே எழுதவில்லை. அந்தத் துறை வேறு, அதற்கு வேறு மடல்.

கேட்க வந்ததற்கு வருகிறேன். பாலத்துக்குக் கீழ்ப்புறம் தரையை மண்ணாக விடுங்கள். சுவர் கட்டியே ஆகவேண்டும் என்றால் ஒரு பக்கமாவது சரிவாகக் கட்டுங்கள். ஆமை ஏறும், தவறி விழுந்த கன்றுக்குட்டியும் ஏறும். ஏற்கனவே தளம் போட்ட பகுதியை உடைக்கச் சொல்லவில்லை, அவ்வளவு பேராசை எனக்கில்லை. மதகுக்கு மதகு ஒரு சாய்வுப் பாதையும், வளைவுகளில் தளத்தை எடுத்துவிட்டு ஒரு மடுவும் போதும். அடுத்த ஆண்டு அணையை அடைத்ததும், தண்ணீர் முழுவதும் வற்றுவதற்குள் வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுதி, சிக்கிக்கொண்டவற்றை அள்ளிக் குளத்தில் விட ஏற்பாடு செய்யுங்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் கயிறு கட்டி இறங்க முடியாது.

கான்கிரீட் கலவை இயந்திரம் வந்து இறங்குவதற்கு முன் தாங்களே ஒருமுறை நேரில் வந்து பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காலை நேரம் வேண்டாம், நண்பகலில் வாருங்கள். அப்போதுதான் தளத்தின் சூடு தெரியும். கையோடு குடை கொண்டு வருவது நல்லது. கரையில் நிழல் தந்துகொண்டிருந்த புங்க மரங்கள் சென்ற ஆண்டு உங்கள் வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால் இப்போது இல்லை.

இப்படிக்கு,
மன்னார்குடிப் பக்கத்துக் கடைமடை விவசாயி ஒருவன்