மடியில் கனம்

அன்பு மகளுக்கு,

நலம்தானேம்மா? நம் விவரங்களை இணையத்தில் போடுகிற விஷயத்தைப் போனில் எடுத்தாலே நம் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ மேல்படிப்புக்குக் கிளம்பிய அன்று உன் போர்டிங் பாஸைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். பெற்றவனின் பெருமை. விமானம் ஏறும் முன் நீ கூப்பிட்டு, "அப்பா, அதை உடனே எடுத்துடுங்க" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. "மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? மறைக்க நமக்கு என்ன இருக்கு?" என்றேன். நீ பதில் சொல்லாமல் வைத்துவிட்டாய். நானும் எடுக்கவில்லை.

அன்று இரவு நடந்ததை உனக்கு இதுவரை சொல்லவில்லை. நீ நடுவானில் இருந்தாய், உன் போன் அணைந்திருந்தது. யாரோ ஒருவன் கூப்பிட்டு உன் முழுப்பெயர், விமான எண், இருக்கை எண் எல்லாம் சரியாகச் சொன்னான். வழியில் இறங்கிய இடத்தில் உன் பெட்டியில் ஏதோ பிடிபட்டதாம், உடனே பணம் கட்டினால் விட்டுவிடுவார்களாம். பின்னால் ஒரு பெண் அழும் சத்தம். நான் பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து, தொகையும் அடித்துவிட்டேன். உன் அம்மாதான் என் கையைப் பிடித்து, "அவ என்ன கலர் டிரஸ் போட்டிருக்கான்னு கேளுங்க" என்றாள். கேட்டேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது. நீ இறங்கி "வந்துட்டேன்பா" என்று செய்தி அனுப்பும் வரை நாங்கள் இருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை.

அவன் சொன்ன ஒவ்வொன்றும் நான் போட்ட படத்தில் அச்சாகி இருந்தது. அந்தக் கோடுகளும் புள்ளிகளுமான கட்டத்துக்குள் பயணப்பதிவு எண்ணும் இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். அதையும் பெயரையும் வைத்து உன் டிக்கெட்டுக்குள்ளேயே ஒருவன் நுழைந்திருக்க முடியும்.

அந்தப் பழமொழியை அதன் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தேன். என் மடியில் கனம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் உன் கனத்தையும் நான் அல்லவா சுமந்துகொண்டிருந்தேன்? ஏதோ ஒரு ஆப் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும்போது 'சரி' என்று தட்டினால் போகிறது என் எண் மட்டும் இல்லை. உன் எண், உன் தோழிகளின் எண், எப்போதோ சேமித்து வைத்த டாக்டரின் எண் எல்லாம் சேர்ந்து போகிறது. அவர்கள் யாரையும் நான் கேட்கவில்லை.

நம் பேச்சில் இதற்கு நல்ல சொல்லே புழங்கவில்லை என்பதையும் யோசித்தேன். 'அந்தரங்கம்' என்றால் ஏதோ தப்பு வாடை அடிக்கிறது. 'தனியுரிமை' இன்னும் செய்தித்தாளை விட்டு வீட்டுக்குள் வரவில்லை. கதவைச் சாத்தினால் "உள்ளே என்ன பண்ற?" என்று கேட்டு வளர்த்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியில் பாசம் இருந்தது, நீ அதை மறுக்கமாட்டாய். ஆனால் அது வீட்டுக்குள் கேட்ட கேள்வி. அதே பழக்கத்தை முகம் தெரியாதவர்கள் நிற்கும் இடத்துக்கு நான் எடுத்துப் போயிருக்கக் கூடாது.

நீ சொன்ன பிறகு தேடித் தேடிப் படித்தேன். ஜெர்மனியில் 2010-ல் கூகுள் தெருப்படங்களை வெளியிட வந்தபோது, 2,40,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தங்கள் வீட்டை மங்கலாக்கச் சொன்னார்களாமே. முதலில் மிகையாகப்பட்டது. மக்களைப் பற்றிக் கோப்பு கோப்பாக எழுதி வைத்து வேட்டையாடிய ஆட்சிகளைப் பார்த்த நாடு என்று நினைத்ததும் புரிந்தது. நார்வேயில் நேர் எதிர். அங்கே ஒருவர் வருமானத்தை இன்னொருவர் அரசுத் தளத்தில் பார்க்கலாம். ஆனால் 2014 முதல், பார்த்தது யார் என்று பார்க்கப்பட்டவருக்குத் தெரிந்துவிடும். உடனே தேடுகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. நம் நாட்டிலும் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அந்த வழக்கைத் தொடுத்த ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமிக்குத் தீர்ப்பு வந்தபோது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. வயதாகிவிட்டது, இதெல்லாம் எனக்கு எதற்கு என்று இனி நான் சொல்ல முடியாது.

நீ எழுதிக் கொடுத்தவற்றில் பாதிக்கு மேல் செய்துவிட்டேன். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு எல்லாக் கணக்குக்கும் போட்டாயிற்று. செய்தி அனுப்பும் சிக்னல் ஆப்பையும் இறக்கிக்கொண்டேன். 2016-ல் நீதிமன்ற உத்தரவு வந்தபோதுகூட, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் தவிர அவர்களிடம் கொடுக்க எதுவும் இல்லையாம். வைத்திருக்காததை யாரும் பிடுங்க முடியாது, சரிதானே. நம் இணையப் பயன்பாட்டைத் தன் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் சேவை ஒன்றை விளம்பரத்தைப் பார்த்து வாங்கப் போனேன், அம்மா தடுத்துவிட்டாள். அதுவும் சரிதான். இணைய நிறுவனம் பார்ப்பதை விபிஎன் நிறுவனம் பார்க்கும், அவ்வளவே.

வாட்ஸ்அப் உரையாடல் பூட்டியிருந்தாலும் அதன் காப்புப்பிரதிக்குத் தனியாகப் பூட்டுப் போடவேண்டும் என்பது எனக்குப் புதுச்செய்தி. நேற்று போட்டேன். 64 இலக்கச் சாவி ஒன்று வந்தது. அம்மா வாசிக்க வாசிக்க நான் நோட்டில் எழுதி, திரும்ப இருவரும் இடம் மாறிச் சரிபார்த்தோம். 41-வது இடத்தில் ஒரு பிழை இருந்தது. திருத்திவிட்டேன். நோட்டு பீரோவில் இருக்கிறது.

ஃபேஸ்புக்கில் நான் போட்ட உன் படங்களை இரண்டு இரவு உட்கார்ந்து நீக்கினேன். பள்ளி அடையாள அட்டையோடு நிற்பது, காய்ச்சலில் படுத்திருப்பது, தேர்வு எண் தெரியும் மதிப்பெண் பட்டியல் எல்லாம் போய்விட்டன. எதற்கும் உன்னை அன்று கேட்கவில்லையே என்று ஒவ்வொன்றாக நீக்கும்போது உறுத்தியது. ஒன்று மட்டும் மனம் வராமல் நிற்கிறது. சைக்கிள் பழகும்போது நீ கீழே விழுந்து, முழங்கால் ரத்தத்தோடு சிரிக்கும் படம். இப்போதைக்கு என் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மாற்றி வைத்திருக்கிறேன். அது அங்கே இருக்கலாமா, எடுத்துவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா