உட்கோப்புறைகளின் எண்ணிக்கை: எந்த மட்டம் வரை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு கோப்புறைக்குள் எத்தனை உட்கோப்புறைகள் உள்ளன என்று அறிய, அதன்மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியைப் பார்த்தால் போதும் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் எழுதப்பட்டிருந்தது. விண்டோஸ் பயன்படுத்துவோருக்கு அது எளிய வழிதான். ஆனால் அங்கே தெரியும் எண் எதைக் குறிக்கிறது என்று சொல்லாமல் விட்டது குறையே. கோப்புறையைத் திறந்ததும் கண்ணில் படுபவை முதல் மட்டத்து உட்கோப்புறைகள் மட்டுமே. அந்தப் பெட்டி தருவதோ, அவற்றுக்குள் இருப்பவை, அவற்றுக்கும் உள்ளே இருப்பவை என்று அடிவரை சென்று கூட்டிய மொத்தம். ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துக் கோப்புறைகளும், ஒவ்வொன்றிலும் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டும் வைத்திருப்பவர், 10 என்று எதிர்பார்த்த இடத்தில் 130 என்ற எண்ணைக் காண்பார். பார்வைக்கு மறைக்கப்பட்ட கோப்புறைகளும் அதில் சேர்வதால், கையால் எண்ணிச் சரிபார்க்க முயல்பவருக்குக் குழப்பம் இன்னும் கூடும்.

மேக் கணினியின் 'கெட் இன்ஃபோ' சாளரம் கோப்புகளையும் கோப்புறைகளையும் பிரிக்காமல் ஒரே தொகையாகச் சொல்வதால், இந்தக் கேள்விக்கு அது உதவாது.

கட்டளை வழியாக எண்ணுவோரும் கவனமாக இருக்க வேண்டும். விண்டோஸின் 'டிர்' கட்டளையை உள்மட்டங்களுக்கும் செல்லுமாறு இயக்கினால், ஒவ்வொரு கோப்புறையிலும் தன்னைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும் மேல் கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியையும் அது கோப்புறைகளாகவே எண்ணிவிடுகிறது. இறுதியில் அச்சாகும் தொகை உண்மையைவிடப் பன்மடங்கு பெரிதாக இருப்பதற்கு அதுவே காரணம். விண்டோஸின் மற்றொரு கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் 'கெட்-சைல்ட்ஐட்டம்' கட்டளைக்கு 'டைரக்டரி' (கோப்புறைகள் மட்டும்), 'ரிகர்ஸ்' (உள்மட்டங்களுக்கும்) ஆகிய விருப்பங்களைக் கொடுத்து எண்ணினால் இந்தச் சிக்கல் இல்லை என்றாலும், 'ஃபோர்ஸ்' என்பதையும் சேர்க்காவிட்டால் மறைந்தவை விடுபடும். லினக்ஸின் 'ஃபைண்ட்' கட்டளையோ, தேடலைத் தொடங்கிய கோப்புறையையும் பட்டியலில் முதலாவதாகச் சேர்ப்பதால், எந்த ஆழத்திலிருந்து பட்டியலிட வேண்டும் என்று சொல்லும் 'மின்டெப்த்' அளவை 1 என்று வைக்காதவருக்கு விடையில் எப்போதும் ஒன்று கூடுதலாக வரும்.

முதல் மட்டத்தை மட்டும் அறிய லினக்ஸில் ஓர் அழகான குறுக்குவழி உண்டு. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்புகளான கோப்பு முறைமைகளில், ஈஎக்ஸ்டி4 போன்றவற்றில், ஒரு கோப்புறையை எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்று காட்டும் இணைப்பு எண்ணிலிருந்து 2 கழித்தால் நேரடி உட்கோப்புறைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். ஏனெனில் கோப்புறையின் பெயரும் அதனுள் இருக்கும் ஒற்றைப் புள்ளியும் இரண்டு இணைப்புகள், ஒவ்வொரு உட்கோப்புறையின் இரட்டைப் புள்ளியும் மேலும் ஒன்று. ஆனால் பிடிஆர்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பு முறைமையில் அந்த எண் எப்போதும் 1 என்றே இருப்பதால், இதை எல்லா இடத்துக்கும் பொதுவான வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்ணிக்கை எதற்குத் தேவைப்படுகிறது என்பதையும் அக்கட்டுரை தொட்டிருக்கலாம். பெரும்பாலோர் இதைத் தேடுவது, ஒரு வட்டிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்த பின் எதுவும் விடுபடவில்லை என்று உறுதி செய்வதற்காகத்தான். மூலத்தை ஒரு கருவியாலும் நகலை இன்னொரு கருவியாலும் எண்ணினால், மேற்சொன்ன காரணங்களாலேயே, எதுவும் தொலையாதபோதும் எண்கள் வேறுபடும். திறக்க அனுமதி இல்லாத கோப்புறை ஒன்று இருந்தாலோ, அதனுள் இருப்பவை கணக்கில் வாராமலே போகும். ஆகவே இரு பக்கமும் ஒரே கருவியை, ஒரே விருப்பங்களோடு, போதிய அனுமதியுள்ள கணக்கிலிருந்து இயக்க வேண்டும். அப்போதும் கோப்புறைகளின் தொகை ஒத்துப்போவது கோப்புகள் முழுமையாக வந்து சேர்ந்ததற்குச் சான்றாகாது. கோப்புகளின் எண்ணிக்கையையும் பைட் அளவையும் தனியே ஒப்பிட்டே தீர வேண்டும். இவ்விவரங்களைக் கணினிப் பகுதியில் ஒரு திருத்தக் குறிப்பாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்