கிணற்று நீர் முடிவு ஒழுங்கைக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1974இல் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கிய நாள் முதல் எங்கள் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம் இருக்கிறது. வருடா வருடம் அதன் ஆய்வுகளைப் பற்றிக் கேட்கப் பெருமைதான். எனக்கு அதில் பெரியது கிணற்று நீர் ஆய்வு. இது சுண்ணாம்புக்கல் நிலம். வெங்காயத் தோட்டத்துக்குப் போடும் யூரியா உரம் மண்ணில் நைத்திரேற்று என்ற உப்பாக மாறி மெல்லக் கிணற்றில் இறங்குகிறது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் பால்மா குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்க வைத்தாலும் அது போகாது. "கொதிச்சாறின தண்ணிதானே அண்ணை" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி பால் போத்தலைக் காட்டியபோது பதறிப்போனேன்.

மாணவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது சனசமூக நிலையங்களுக்கு வந்து, நீரைச் சோதித்து, முடிவை அங்கேயே தமிழில் ஒட்டிவிட்டால் நல்லது. முதல் ஆளாய்ப் போத்தலோடு நிற்பேன்.

வாசகர்,
கோண்டாவில்