செயலாளரின் ஆண்டறிக்கை – 2024: மார்சேய் வளைகுடாவும் காற்றும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

பிரான்ஸின் மார்சேய் நகரில் வாழும் தமிழர்களான நாம் நடத்தும் இந்தப் பாய்மர ஆர்வலர் சங்கத்துக்கு 2024 ஒலிம்பிக் ஆண்டாகவே கழிந்தது. மே 8 அன்று பெலெம் என்ற பாய்மரக் கப்பல் கிரேக்கத்திலிருந்து ஒலிம்பிக் சுடரைப் பழைய துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. அன்றைய கூட்டத்தில் நம் பதாகை யார் கண்ணிலும் பட்டிருக்காது; அது போகட்டும்.

ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 8 வரை, ரூக்கா பிளான் படகுத்துறையைத் தளமாகக் கொண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் பத்துப் பிரிவுகளில் இங்கே நடந்தன. சென்னையின் நேத்ரா குமணனும் வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணனும் ஒற்றையர் படகுப் பிரிவுகளில் இந்தியாவுக்காகக் களமிறங்கினர். விஷ்ணு 18ஆம் இடம், நேத்ரா 21ஆம் இடம். டோக்கியோவில் முறையே 20, 35 என்று இருந்தவர்கள் இவர்கள். கைதட்ட அதுவே போதுமான காரணம்.

நம் கூட்டங்களில் அதிகம் விவாதிக்கப்பட்டது காற்றைப் பற்றித்தான். காற்று போதாமல், தாமதத்தை அறிவிக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டைக் கொடி ஏறினால் இறங்குவதாக இல்லை. ஆகஸ்ட் 1இல் நடக்க வேண்டிய இருவர் படகுகளின் பதக்கப் பந்தயங்கள் (பதக்கத்தை முடிவு செய்யும் கடைசிப் பந்தயங்கள்) மறுநாளுக்குத் தள்ளிப்போயின. 6ஆம் தேதி நடக்க வேண்டிய ஒற்றையர் பதக்கப் பந்தயங்களும் அப்படியே. வளைகுடாவே போட்டிக்கு லாயக்கில்லை என்று சிலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். செயலாளர் இதை ஏற்கவில்லை.

இங்கு பேர்பெற்ற மிஸ்த்ரால், ரோன் பள்ளத்தாக்கு வழியே வடமேற்கிலிருந்து இறங்கும் காற்று. குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான் அதன் ஆட்டம். நடுக்கோடையில் அது ஓய்ந்தால், நிலம் சூடேறிய பின் பிற்பகலில் எழும் கடற்காற்றை நம்பியே இருக்க வேண்டும். தென்கிழக்கிலிருந்து வரும் காற்றோ குன்றுகளைத் தாண்டும்போதே சிதறி, நொடிக்கொரு திசை காட்டும். கிழக்கே இருக்கும் இயேர் வளைகுடாவில் பெரிய ரெகாட்டாவை, அதாவது பாய்மரப் படகுப் போட்டியை, ஏப்ரல் மாதத்தில் வைப்பது சும்மா அல்ல. நேத்ரா பாரிஸ் வாய்ப்பைப் பெற்றதும் அந்த ஏப்ரலில், அதே இயேரில்தான். ஆக, குறை நாள்காட்டியில் இருக்கிறது, கடலில் இல்லை.

கடலோரக் கோர்னிஷ் சாலைச் சுவரில் உட்கார்ந்தபடியே, ஃப்ரியூல் தீவுகளுக்கு இப்பால் படகுகள் திரும்புவதைப் பார்க்க முடிந்தது. பாய்மரப் போட்டியைக் கரையிலிருந்து இப்படிப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் எத்தனை?

அடுத்த ஆண்டு நம் சிறுவர் பயிற்சி முகாமை ஜூலையிலிருந்து ஏப்ரலுக்கு மாற்றச் செயற்குழு பரிந்துரைக்கிறது. தண்ணீர் குளிரும் என்று பெற்றோர் தயங்குகிறார்கள். குளிர் தாங்கும் நனைவுடைகளை வாடகைக்கு எடுக்கப் பொருளாளர் இசைந்துள்ளார். வரவு செலவுக் கணக்கை அவரே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தேநீருக்கு முன்பே அவரைச் சந்திக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்